முத்துவின் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். முத்து எங்களுக்குத் தானமாகத்தான் வந்தான். வேலை மாற்றலாகிப் போன தோழி ஒருத்தி, கூட்டிப்போக முடியாமல் அவனை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அப்போது அவனுக்கு இரண்டு வயது. பாதி பொமரேனியன், மீதி என்னவென்று யாருக்கும் தெரியாது. எடை எட்டு கிலோ. பழமொழி மாட்டுக்குச் சொன்னதை நான் நாய்க்கும் பொருத்திக்கொண்டேன். ஐந்து வருடம் அவன் வாயைத் திறந்து பார்க்கவே இல்லை.

தடுப்பூசி ஒன்றுகூடத் தவறியதில்லை. நகம் வெட்டுவோம், காது துடைப்போம், முடி சீவுவோம். வாய் மட்டும் எங்கள் பட்டியலில் இல்லை. நாற்றம் இருந்தது. அவன் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். "நாய் வாய் பின்ன பன்னீரா மணக்கும்?" என்பாள் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவள். எண்ணிப் பார்க்காமல் எதையும் எழுதாதே என்று பிள்ளைகளைப் படுத்துகிறவள். என் வீட்டு நாய்க்கு எத்தனை பல் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். (42. பூனைக்கு 30. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.)

முழுக்க அலட்சியமாக இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. அவன் பல்லுக்கு நல்லது என்று நினைத்து இரண்டு காரியம் செய்தேன். இரண்டுமே தப்பாகப் போனது.

முதலாவது, முடி வெட்டிவிடும் இடத்தில் நடந்தது. பல்லும் சுத்தம் செய்து தருகிறோம், மயக்க ஊசி எல்லாம் கிடையாது என்றார்கள். அந்த "கிடையாது"வில்தான் விழுந்தேன். ஒருவர் அவனை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கொக்கி போன்ற ஒன்றால் சுரண்டினார். அரை மணி நேரத்தில் பழுப்பு ஓடாக ஒட்டியிருந்த ஊத்தை எல்லாம் உதிர்ந்து பல் வெள்ளையாகிவிட்டது. பேருக்கேற்ற முத்துப் பல். படம் எடுத்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். இரண்டே மாதத்தில் நாற்றம் திரும்பி வந்தது. பல்தான் வெள்ளையாக இருக்கிறதே, அப்படியானால் வயிறுதான் என்று நானே முடிவு செய்து பூச்சி மருந்து கொடுத்தேன்.

இரண்டாவது, உலர்த்திய மாட்டுக் குளம்பு. கடிக்கக் கடிக்கப் பல் சுத்தமாகும் என்று உறையிலேயே அச்சடித்திருந்தது. முத்து அதை முன்னங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மணிக்கணக்கில் கடிப்பான். கடக், கடக் என்று கூடத்தில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். விடைத்தாள் திருத்தும் இரவுகளில் அந்தச் சத்தம் எனக்குத் துணையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வலது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. குளவி கொட்டியிருக்கும் என்றார் என் கணவர். மறுநாள் கண்ணே பாதி மூடிக்கொண்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் கண்ணைத் தொடவே இல்லை. நேராக மேல் உதட்டைத் தூக்கினார். "கண்ணு இல்லைங்க, பல்லு."

நாயின் மேல்தாடையில், பக்கத்துக்கு ஒன்றாக, மற்ற பின்பற்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய பல் ஒன்று இருக்கும். நான்காவது முன்கடைவாய்ப் பல். கீழே இருக்கும் முதல் கடைவாய்ப் பல்லோடு சேர்ந்து கத்தரிக்கோல்போல் வெட்டும் வேலை அதற்கு. மூன்று வேர்கள் அதற்கு. அந்த வேர்கள் முடியும் இடம் ஏறக்குறைய கண்ணுக்குக் கீழே. வேர்நுனியில் சீழ் கட்டினால் வீங்குவது கன்னமும் கண்ணடியும்தான். முத்துவுக்கு அந்தப் பல்லின் வெளிப்பக்கம் ஒரு பாளமாகப் பெயர்ந்துபோயிருந்தது. பெயர்ந்த இடத்தின் நடுவில் பேனா முனையால் வைத்ததுபோல ஒரு கரும்புள்ளி. பல்லுக்குள் ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் திறந்துகொண்டு, செத்துப்போய், அந்த வழியாகக் கிருமி உள்ளே இறங்கியிருக்கிறது.

"கெட்டியா எதையாவது கடிக்கக் குடுத்தீங்களா?"

குளம்பைச் சொன்னேன். டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. அவர் மேசை இழுப்பறையில், இப்படிப் பிடுங்கிய பற்களைப் போட்டு வைத்த ஒரு சின்ன டப்பா இருந்தது. அதைத் திறந்து காட்டினார், அவ்வளவுதான். நாய்ப் பல்லின் எனாமல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காதாம், நம்முடையதைவிட மெல்லியது. நாய்த் தாடையோ நம்முடையதைப்போல் பக்கவாட்டில் அசைந்து அரைக்காது; மேலும் கீழுமாக மட்டும் இறங்கி வெட்டும். வளைந்து கொடுக்காத ஒரு பொருள் நடுவில் மாட்டினால், அத்தனை விசையும் அந்தப் பெரிய பல்லின் ஓரத்தில் இறங்கும். எலும்பு, கொம்பு, குளம்பு, பனிக்கட்டி எல்லாம் இதில் ஒரே ரகம்.

அப்போது நான் கேட்டதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "ஆனா நல்லாச் சாப்பிடுறானே டாக்டர்?"

"வலிச்சாலும் சாப்பிடும்ங்க. இந்தப் பக்கம் வலிச்சா அந்தப் பக்கம் மெல்லும். ரெண்டு பக்கமும் வலிச்சா மெல்லாமலே முழுங்கும். சாப்பிடறதை நிறுத்தறது கடைசியிலதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உருண்டைத் தீனி வாயிலிருந்து ஒன்றிரண்டு கீழே விழும். சிந்திச் சாப்பிடுகிறான் என்று சிரிப்போம். ஊத்தை இடது பக்கத்தைவிட வலது பக்கத்தில் அதிகமாகப் படிந்திருந்தது. மெல்லாத பக்கத்தில்தான் அழுக்குச் சேரும் என்று இப்போது தெரிகிறது. முகத்தைத் தடவினால் வலது பக்கத்தை மட்டும் மெல்ல நகர்த்திக்கொள்வான். சாப்பிடுகிறான் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு இது எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருக்கிறேன்.

மாத்திரையில் வீக்கம் வற்றியது. அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு சபலம். பல் உள்ளே இருக்கும்வரை சீழ் திரும்பத் திரும்ப வரும், வேர் சிகிச்சை செய்ய வேண்டும் இல்லையென்றால் பிடுங்க வேண்டும் என்றார் டாக்டர். எதுவானாலும் மயக்கம் கொடுத்துத்தான்.

மயக்கம் என்றதும் எனக்குக் கை சில்லிட்டது. ஏழு வயது நாய், எழுந்திருக்காமல் போனால்? ஒரு முழு மாலை உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். முதலில் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி என்று பார்க்க. கையில் டிரிப். மூச்சுக்குழாயில் ஒரு குழாய். அதன் நுனியில் காற்றடைத்த சின்னப் பலூன் இருக்கும், வாயில் அடிக்கும் தண்ணீரும் உதிரும் ஊத்தையும் நுரையீரலுக்குள் போய்விடாமல் அது அடைத்துக்கொள்ளும். உடம்பு குளிர்ந்துபோகாமல் வெப்பப் போர்வை. இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பதற்கென்றே தனியாக ஓர் ஆள்.

முன்பு சுரண்டியதைப் பற்றியும் சொல்லவேண்டி வந்தது. அவர் சொன்னதன் சாரம்: பல்லில் கண்ணுக்குத் தெரிகிற பாகம் வெள்ளையாவதால் நாய்க்கு ஒரு லாபமும் இல்லை. நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கிற நாயிடம் ஈறுக்குள் கருவியை விட முடியாது, எக்ஸ்ரே எடுக்க முடியாது. சுரண்டிய பிறகு மெருகேற்றாமல் விட்டால் பல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அழுக்கு முன்னைவிட வேகமாக ஒட்டும். குளிக்காமல் பவுடர் பூசிய கதை. அந்தப் பவுடர் வாசத்தில்தான் நான் வயிற்றுப் பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை முடிந்ததும் டாக்டர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். நாயின் வாய் வரைபடம், ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண். எனக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்துவிட்டது. வாயை நான்கு கால்பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். மேல் வலது 100இல் தொடங்கும், மேல் இடது 200, கீழ் இடது 300, கீழ் வலது 400. ஒவ்வொன்றிலும் முன்பல்லில் 1 என்று தொடங்கிப் பின்னால் எண்ணிக்கொண்டே போகவேண்டும். உடைந்த பல்லின் பெயர் 108. மந்திரம் சொல்கிற எண்ணிக்கையில் போயிற்று என்றார் கணவர்.

கணக்கு இப்படி வந்தது. இருக்க வேண்டியது 42. இரண்டு முன்பற்கள் ஏற்கெனவே இல்லை. எப்போது விழுந்தன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 108ஐப் பிடுங்கினார்கள். ஆடிக்கொண்டிருந்த கீழ் முன்பற்கள் இரண்டும், எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி எலும்பே இல்லாத முன்கடைவாய்ப் பல் ஒன்றும் கூடப் போயின. மீதி 36.

எக்ஸ்ரேயைத் திரையில் காட்டியபோது எனக்கு அடிவயிறு கலங்கியது 108க்காக இல்லை, 409க்காக. கீழ் வலது முதல் கடைவாய்ப் பல். வெளியே பார்த்தால் அப்பழுக்கு இல்லாத பல். ஆனால் சின்ன நாய்களுக்குத் தாடை சின்னது, பல் மட்டும் அந்த விகிதத்தில் சின்னதாவதில்லை. அந்தப் பல்லின் வேர் கீழ்த்தாடை எலும்பின் அடிவிளிம்பு வரை இறங்கியிருந்தது. அதைச் சுற்றி ஈறுநோய் எலும்பைத் தின்றுகொண்டே போனால், கட்டிலிலிருந்து குதித்தாலே தாடை உடையுமாம். முத்துவுக்கு அந்த இடத்தில் ஈறுப் பள்ளம், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கின் ஆழம், 4 மில்லிமீட்டர். நாய்க்கு 3 வரை சரி. ஆழமாகச் சுத்தம் செய்திருக்கிறேன், இதைக் காப்பாற்றுவது இனி உங்கள் கையில் என்றார்.

அன்று மாலை முத்து தள்ளாடிக்கொண்டு வீடு வந்தான். இரண்டு வாரம் குழைத்த சாப்பாடு. முனகினான் என்று கணவர் தன் தலைவலி மாத்திரையில் பாதியை உடைக்கப் போனார், பிடுங்கிக்கொண்டேன். மனிதர் வலிமாத்திரைகளில் ஐபுரூஃபன் நாய்க்கு விஷம், பாராசிட்டமால் பூனையைக் கொன்றே விடும். டாக்டர் கொடுத்ததைத் தவிர எதுவும் கூடாது.

அம்மாதான் சிரிக்க வைத்தாள். அவளுக்கு மேலும் கீழும் பல்செட். "எனக்கு எழுபதுல போனது இவனுக்கு ஏழுலயே போயிடுச்சேடி. பல் போனா சொல் போச்சும்பாங்க, இவன் குரைக்கிற குரைப்புல ஒரு சுதிகூடக் குறையல."

சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். முத்து சின்ன வயதில் ஒரு பழக்கம் வைத்திருந்தான். நான் பள்ளிவிட்டு வந்து செருப்பைக் கழற்றியதும் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்த் தன் படுக்கையில் வைத்துவிடுவான். கடிக்கமாட்டான், சும்மா காவல் காப்பான். இன்னொரு செருப்போடு நான் வீடெல்லாம் நொண்டி அடிப்பேன். ஒரு வருடத்துக்கு முன் அந்தப் பழக்கம் நின்றுபோனது. வயதாகிறது, விளையாட்டுப் புத்தி போய்விட்டது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். பல் பிடுங்கிய பன்னிரண்டாவது நாள் மாலை, வாசலில் ஒற்றைச் செருப்பைக் காணோம்.

அவன் படுக்கைக்குப் போய்ப் பார்த்தேன். இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சரி, இனி தினப்படி வேலை. பல்லில் முதலில் படிவது கிருமிகளால் ஆன வழுவழுப்பான படலம். துணி பட்டாலே போய்விடும். எச்சிலில் இருக்கும் கால்சியம் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் அது காரையாக இறுகிவிடுகிறது. இறுகிய பிறகு பிரஷுக்கு அசையாது. வாரத்துக்கு ஒருநாள் பரபரவென்று தேய்த்தால் பிரயோஜனம் இல்லாததற்கு இதுதான் காரணம். நாயின் எச்சிலுக்குக் காரத்தன்மை கூட, அதனால் நம்மைப்போல் சொத்தை அதிகம் வராது, காரை மட்டும் சீக்கிரம் கட்டும். அதிலும் எச்சில் சுரப்பிகளின் குழாய் திறப்பது மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரில், கன்னத்தின் உள்பக்கம். அந்தப் பற்களின் வெளிப்பக்கத்தில்தான் ஓடு ஓடாகப் படியும். நேரம் குறைவென்றால் அங்கே மட்டும் தேய்த்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

முத்துவைப் பழக்க ஆறு வாரம் பிடித்தது. முதல் வாரம் உதட்டைத் தூக்குவேன், விடுவேன், ஒரு துண்டு தீனி. அவ்வளவுதான். இரண்டாவது வாரம் விரலில் பேஸ்ட் வைத்து நக்கவிட்டேன். நாய்களுக்கான பேஸ்ட் கோழிக்கறி வாசம் அடிக்கிறது. அவனுக்கு அது மிட்டாய். அப்புறம் விரலில் துணி சுற்றிக் கோரைப்பல்லை மட்டும் தொட்டேன். நான்காவது வாரம் அவசரப்பட்டு வாயைப் பிடித்துத் திறக்கப் பார்த்தேன். உறுமிவிட்டு மேசைக்கு அடியில் போனான். மறுபடி முதல் வாரப் பாடம். வாயைத் திறக்கவே தேவையில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது. மூடிய வாயில், உதட்டை மட்டும் தூக்கி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பிரஷை நுழைத்து, மயிர்கள் ஈறு விளிம்பைப் பார்க்கிற மாதிரிச் சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக. உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்கிறது. இப்போது மொத்தமே ஒன்றரை நிமிடம். குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்தான் வைத்திருக்கிறேன்.

"என் பேஸ்ட்டையே வைச்சுத் தேய்க்க வேண்டியதுதானே" என்றாள் அம்மா. கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, எல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். நம் பேஸ்ட்டில் ஃபுளோரைடும் நுரை வருவதற்கான பொருளும் இருக்கின்றன. சில பேஸ்ட்டில் இனிப்புக்காக சைலிடால் சேர்க்கிறார்கள். நாய் உடம்பில் அது இன்சுலினைத் திடீரென்று கொட்டவைத்து ரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

குளம்பு குப்பைக்குப் போனது. இப்போது கடிக்க எது வாங்கினாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். நகம் பதிந்தால் வீட்டுக்கு வரும். டென்னிஸ் பந்தையும் எடுத்துவிட்டேன். அதன் நாரில் மண் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போலப் பல்லைத் தேய்க்கிறது. பல் சுத்தத்துக்கு என்று விற்கும் மெல்லும் குச்சிகளில், வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். 1997இலிருந்து இயங்கும் அமைப்பு அது. படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருளுக்குத்தான் முத்திரை தருகிறது. உறையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிய காலம் குளம்போடு போயிற்று.

பூனை மீனுவைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும், அவள் கோபித்துக்கொள்வாள். முத்து விஷயத்தில் பயந்துபோய் அவளையும் காட்டினோம். கீழ்த்தாடைப் பல் ஒன்றின் அடியில் ஈறு சிவப்பாக மேலே ஏறியிருந்தது. டாக்டர் பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தைத் தொட்டதும் அவள் தாடை தானாகக் கடகடவென்று நடுங்கியது. அழுக்கினால் வருவதில்லையாம் இது. உடம்பே தன் பல்லைக் கரைத்துக்கொள்கிற நோய். பூனைகளில் மிகச் சாதாரணமாம். அடைத்தெல்லாம் சரி செய்ய முடியாது, அந்தப் பல்லை எடுத்தாக வேண்டும். எடுத்தோம். மீனுவுக்குப் பல் தேய்ப்பதில் நான் இதுவரை படுதோல்வி. விரலில் பேஸ்ட்டைக் காட்டினால் அதை என் கையிலேயே துடைத்துவிட்டுப் போய்விடுகிறாள். வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்க்க மட்டும் விடுகிறாள், அதுவும் தூக்கக் கலக்கத்தில்.

ஒரு வருடம் ஆனதும் முத்துவை மறுபடி மயக்கி எல்லாவற்றையும் அளந்தார்கள். 36 அப்படியே இருக்கிறது. 409இல் 4 மில்லிமீட்டர் இன்னும் 4தான். குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கூடாததே பெரிசு என்றார் டாக்டர். எனக்குத்தான் அது 3 ஆகியிருக்கும் என்று ஓர் ஆசை இருந்தது.

இரவு பத்து மணிக்கு இழுப்பறையைத் திறந்தால் முத்து எங்கிருந்தாலும் வந்து என் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான், பேஸ்ட்டுக்காக. அதே நேரத்தில்தான் அம்மா பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போடுவாள். முதல் சில நாள் அவன் அந்தக் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நேற்று அம்மா பொக்கை வாயோடு அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உனக்கு மட்டும் தேய்ச்சு விட ஆள் இருக்குடா." மீனு அலமாரி மேல் ஏறிப் படுத்துக்கொண்டு எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.